எட்டுக்கால் நாகம்மா

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் குடியிருந்த நாகம்மாவுக்கு எட்டுக் கால்கள் இருந்தன. எனக்கு இது தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவள் வாசலில் பால் வைத்தார்கள், முட்டை வைத்தார்கள், மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். அவள் பாலைக் குடித்ததில்லை, முட்டையைத் தொட்டதில்லை. கரப்பான் பூச்சி தின்று கொழுத்தாள்.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் இடையே யாரோ வாடகைக்கு விடக் கட்டிய ஓட்டு வீடுகள் அவை. மழைத் தண்ணீர் பின்பக்கமாக உள்ளே வருகிறது என்று குடியிருந்தவர்கள் புலம்பியதால், வீட்டுக்காரர் செங்குன்றத்திலிருந்து வண்டி வண்டியாகச் செம்மண் கொண்டுவந்து இடுப்பளவுக்கு ஒரு கரை போட்டார். தண்ணீர் வருவது நிற்கவில்லை. ஆனால் அந்தக் கரை வெயிலில் காய்ந்து இறுகி, எதையெதையோ குடியமர்த்திக்கொண்டது. எங்கள் பின்வாசலுக்கு நேர் எதிரே, கரையின் அடிவாரத்தில், ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் ஒரு வட்டமான பொந்து இருந்தது. அதன் வாயைச் சுற்றி வெள்ளையாக நூல் ஓடியிருந்தது.

அந்த நூலைப் பார்த்துப் பாம்புச் சட்டை என்று முடிவு கட்டியவள் முதல் வீட்டம்மா. வரிசையின் முதல் வீட்டில் குடியிருந்ததால் எல்லாக் காரியத்திலும் அவளுக்கு முதல் உரிமை இருந்தது. குழாயில் முதல் குடம் அவளுடையது. யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் யாரைப்போல் இருக்கிறது என்று முதலில் சொல்பவளும் அவள்தான். புற்று என்று சொல்ல அங்கே ஒரு மண்மேடுகூட இல்லை. அவளுக்கு அது ஒரு பொருட்டில்லை. "அம்மா பூமிக்கு உள்ள புத்து வச்சிகீறா" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமையே பொந்துக்குப் பக்கத்தில் ஒரு மண்சட்டியும் கற்பூரத் தட்டும் வந்துவிட்டன. ரேஷன் கடையில் வரிசையில் நின்று புழுத்த அரிசி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், பிள்ளைகளுக்குத் தண்ணீர் கலந்த பாலும் பொந்துக்குக் கெட்டிப் பாலும் என்று ஆயிற்று.

நான் பாம்பென்று நம்பித்தான் முதலில் பயந்தேன். என் மகனுக்கு அப்போது ஒரு வயது முடிந்திருந்தது. எனக்குப் பயப்படுவதற்குப் பாம்பு தேவையில்லை. அவன் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன், பின்கதவைத் தாழிட்டுவிட்டுத் தாழிட்டேனா என்று எழுந்துபோய்ப் பார்ப்பேன். பாம்பு இருக்கும் பொந்து பின்வாசலுக்கு எதிரே இருக்க, அதற்கு வாராவாரம் விருந்து வைத்து அழைத்தார்கள். அதனால்தான் அதைப் பார்க்க ஆரம்பித்தேன். எதிரி எப்போது வெளியே வருவான் என்று தெரிந்தால் நல்லது என்ற எண்ணம்தான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பையன் சிணுங்குவான். அவனை மடியில் போட்டுக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்தால் கடல் காற்று வரும், கூடவே கருவாட்டு வாசனையும் வரும். அப்படி ஒரு சாயங்காலம் பொந்தின் வாயில் தேங்காய் நார் மாதிரி ஏதோ கிடப்பதைப் பார்த்தேன். முட்டை வைத்தவர்கள் தேங்காயும் உடைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் நார் இல்லை. சாயங்காலம் திரும்ப இருந்தது. சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். நார் சட்டென்று தன்னை உள்ளே இழுத்துக்கொண்டது.

அன்றிரவு பையனை என் வயிற்றின்மேல் போட்டுக்கொண்டு படுத்தேன். ஆனால் மறுநாள் சாயங்காலமும் படியில் போய் உட்கார்ந்தேன். விளக்கை உள்ளேயே வைத்துவிட்டு, அதன் வெளிச்சம் கதவோரமாகக் கசியும்படி விட்டேன். பொழுது மங்க மங்க, முதலில் இரண்டு கால்கள் வந்தன. பழுப்பு நிறம், அடர்ந்த மயிர், நுனியில் பூனைப் பாதம் மாதிரி மெத்தென்ற உருண்டை. பிறகு இன்னும் இரண்டு. வாயைச் சுற்றியிருந்த நூலின்மேல் அந்தக் கால்களை ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, அப்படியே அசையாமல் இருந்தது. உடம்பு பாதி உள்ளே, பாதி வெளியே. விரித்தால் என் உள்ளங்கையை மூடும். வீட்டுச் சுவரில் ஓடும் எட்டுக்கால் பூச்சி இதற்குக் கொசு. பிற்காலத்தில் ஒரு படப் புத்தகத்தில் இதன் சொந்தக்காரர்களைப் பார்த்தேன். டாரன்டுலா என்று போட்டிருந்தது. அன்று எனக்கு அந்தப் பெயர் தெரியாது. சிலந்தி என்று தெரிந்தது, அது போதுமாக இருந்தது.

பார்க்கப் பார்க்கப் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயம் ஒழுங்குக்கு வந்தது, அவ்வளவுதான். அவள் எவ்வளவு தூரம் வருவாள் என்று தெரிந்துகொண்டேன். ஒரு முழத்துக்கு மேல் வந்ததே இல்லை. எறும்பு போனால் சட்டை செய்யமாட்டாள். சிதறிய பாலுக்கும் முட்டைக்கும் கரப்பான்களும் சில்வண்டுகளும் கூட்டமாக வரும். அதில் ஒன்று நூலை மிதித்தால் போதும், கண் இமைப்பதற்குள் அது இருக்காது. பக்தர்கள் நாகத்துக்கு வைத்த படையல் இப்படிச் சுற்றி வளைத்துச் சிலந்திக்குப் போய்ச் சேர்ந்தது. மழை பெய்து வாசல் கலைந்தால், மறுநாள் புது நூல் ஓடியிருக்கும். அதைப் பார்த்து முதல் வீட்டம்மா, "பார்த்தியா, புதுச் சட்டை" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்காதா என்ற கவலை என்னை விடவில்லை. பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு காலை வேளைகளில் கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். துணி காயப்போட இடம் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். நண்டு வளை என்றால் வாசலில் மண் உருண்டைகள் கிடக்கும். எலி வளை என்றால் ஓரம் மிதிபட்டு வழவழப்பாக இருக்கும். சிலந்திப் பொந்துக்கு மட்டும் தைத்து மடித்த மாதிரி நூல் விளிம்பு. அப்படிச் சின்னதாக இன்னும் சில இருந்தன. அவற்றுக்கு யாரும் குங்குமம் வைக்கவில்லை. தெய்வமாக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டும்போலிருக்கிறது.

ஒருமுறை நாகம்மா தன் வாசலை நூலால் முழுக்க மூடிக்கொண்டாள். பல நாள் திறக்கவில்லை. செத்துவிட்டாள் என்று நினைத்தேன், வருத்தமாகக்கூட இருந்தது. பிறகு ஒரு காலையில் வாசல் திறந்திருந்தது, வெளியே அவள் கிடந்தாள். குச்சியால் புரட்டினேன். வெறும் தோல். கையுறையைக் கழற்றிப் போட்ட மாதிரி எட்டு விரலும் அப்படியே இருந்தன. முதுகு மட்டும் மூடியைத் திறந்ததுபோல் திறந்திருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று முறத்தில் வைத்து என் மாமியாரிடம் கொண்டுபோனேன்.

"அத்தை, அந்தப் பொந்துல இருக்கறது பாம்பில்ல. இதுதான். தோலை உரிச்சுப் போட்டிருக்கு."

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நல்ல பெண்மணி, ஆனால் தான் நம்பியதை யாரும் தொட்டு அசைக்கக் கூடாது. "நாகம்மா துன்னுட்டுத் துப்பினது அது" என்றார். கீரை ஆய்வதைத் தொடர்ந்தார்.

பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் படித்த நான் முறத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

இதோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவர்களுக்குப் பாம்பு, எனக்குச் சிலந்தி என்று காலம் தள்ளியிருப்போம். ஆனால் என் பையன் நிற்கவில்லை. தவழ்ந்தான், உட்கார்ந்தான், ஊர் சிரிக்கும்படி பேசினான். நிற்க வைத்தால் மட்டும் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அவன் வயதுப் பிள்ளைகள் குழாயடியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். கர்ப்பத்தில் நான் எதைச் சாப்பிட்டேன், எதைச் சாப்பிடாமல் விட்டேன் என்று படுக்கையில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்.

முதல் வீட்டம்மா ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, பையனின் முழங்காலை மாட்டுத் தரகர் மாதிரி பிடித்துப் பார்த்தாள்.

"நாக தோசம் கீது" என்றாள். "காலே இல்லாதவ தோசம், காலுல தானே புடிக்கும்?"

அவளே பரிகாரமும் சொன்னாள். ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம், பையனை ஒரு முறத்தில் போட்டுப் புற்று வாசலில் கிடத்த வேண்டும். ஒரு செம்புப் பாலைச் சட்டியில் வைக்காமல் புற்றுக்கு உள்ளேயே ஊற்ற வேண்டும். பிள்ளை இனி அம்மாவுடையது. பிறகு முதல் வீட்டம்மா ஒரு படி தவிடு கொடுத்து அம்மாவிடமிருந்து அவனை வாங்கி, எங்களிடம் திருப்பித் தருவாள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை தங்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். என் சின்ன மாமனாரையே அப்படித் தவிட்டுக்கு வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அவரைக் கோயில் வாசலில் போட்டார்கள், மயிரடர்ந்த ஒரு சிலந்தியின் வாசலில் அல்ல.

அத்தை அங்கேயே வேண்டிக்கொண்டுவிட்டார். மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை ஒரு வேளைச் சாப்பாடு.

நான் கண்ணால் கண்டது ஒன்று உண்டு. மழைத் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகப் பொந்தில் இறங்கினால் அவள் முழு உடம்போடு வெளியே பாய்ந்து வருவாள். ஒருமுறை பார்த்திருக்கிறேன். வந்தவள் எதிரே கிடந்த செருப்பின்மேல் முன்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றாள். இப்போது ஒரு செம்புப் பால் உள்ளே போகும். வாசலில் செருப்பு இருக்காது, என் பையன் இருப்பான். கடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தர்ம ஆஸ்பத்திரியில் போய்க் கம்பவுண்டரைக் கேட்டேன். அவர் மருந்து கலக்கிக்கொண்டே, "எட்டுக்கால் பூச்சியா? அக்கி வரும். குயவர் கிட்டப் போய்க் காவியால எழுதிக்கோம்மா" என்றார். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு இதைச் சொல்ல ஒரு ஆஸ்பத்திரி.

கணவரிடம் சொன்னேன். ஹார்பரில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்கும் உத்தியோகம் அவருக்கு. அதனால் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்பது அவர் கொள்கை. "சரி, வந்து பாருங்க" என்று படியில் உட்கார வைத்தேன். நாகம்மா வழக்கப்படி வந்தாள். அவர் காலைத் தூக்கிப் படியின்மேல் வைத்துக்கொண்டார்.

"அடேயப்பா. இது இன்னாது இது."

"இதோட வாசல்லதான் உங்க புள்ளைய வைக்கப் போறாங்க."

"அம்மாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். நாகம்மா துப்பினதுன்னாங்க. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

அவர் யோசித்தார். கொள்கையுள்ளவர்கள் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்வார்கள். "விரதம் இருக்காங்க. இப்பப் போய்ச் சொன்னா மனசு ஒடைஞ்சுடும்" என்றார். சற்றுக் கழித்து, "அன்னைக்கு எனக்கு ஷிப்ட்டு வேற" என்றார்.

"இதுக்கு மண்ணெண்ணெய் ஊத்திடட்டுமா, யாருக்கும் தெரியாம?" என்றும் ஒரு வீரம் பேசினார். அதையும் அவர் செய்ய மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஊற்றினால் வாசனை காட்டிக்கொடுக்கும், நாகத்தைக் கொன்ற வீடு என்று பெயர் வரும், பிறகு பையன் நிற்காததற்குக் காரணம் அதுதான் என்று ஆகும். எனக்கும் அதில் சம்மதமில்லை. அவள் யார் வீட்டுக்கும் வரவில்லை. இவர்கள்தான் அவள் வீட்டுக்குப் போகிறார்கள்.

அந்த வாரம் முழுவதும் எனக்குள் வழக்கு நடந்தது. பெரியவர்கள் பேச்சைத் தட்டக் கூடாது என்று வளர்த்தார்கள். ஒருவேளை பரிகாரத்தில் உண்மை இருந்து, என் பிடிவாதத்தால் பையன் கடைசிவரை நடக்காமல் போனால்? ஒருவேளை சிலந்தி அன்று வராமலே இருந்தால்? வந்தாலும் கடிக்காமல் போனால்? ஒருவேளை, ஒருவேளை என்று சுற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒன்றே ஒன்று நிலைத்தது. அவர்கள் என்ன சொல்வார்கள் என்பது எனக்கு ஊகம். அவள் என்ன செய்வாள் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை. வரிசை முழுவதும் தலைக்குக் குளித்துக் கரையடியில் கூடியது. முதல் வீட்டம்மா மஞ்சள் புடவை கட்டி, பால் செம்பை இரண்டு கையாலும் ஏந்தி நின்றாள். அத்தை பையனைத் தூக்கி வைத்திருந்தார். முறத்தில் தவிடு பரப்பியாயிற்று.

"இருங்க அத்தை, வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டுடறேன்" என்றேன்.

மருமகள் கேட்கக்கூடிய ஒரே உரிமை அதுதான், அதை யாரும் மறுக்க முடியாது. "படிச்ச பொண்ணு, இன்னிக்குத்தான் புத்தி வந்துகீது" என்றாள் முதல் வீட்டம்மா. சிலர் சிரித்தார்கள்.

சுற்றிலும் பெருக்கிக் கோலம் போட்டேன். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவினேன். குனிந்து, அதன் நுனியால் அந்த நூல் விளிம்பைக் கரப்பான் நடப்பதுபோல் லேசாகத் தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை தொட்டேன். எனக்குக் கை நடுங்கியது. அந்த நடுக்கமே போதுமாக இருந்தது.

அவள் வந்தாள். ஈர்க்குச்சியை இரண்டு முன்காலாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் மெதுவாகப் பின்னுக்கு இழுக்க, விடாமல் முழு உடம்போடு வெளியே வந்து, கோலமாவின்மேல் நின்று முன்கால்களைத் தூக்கினாள். விளக்கு வெளிச்சத்தில் கறுத்த பற்கள் இரண்டும் தெரிந்தன.

பால் செம்பு கீழே விழுந்தது. நாகத்துக்கு முன்னால் கண்மூடி நிற்கத் துணிந்தவர்கள் எல்லாரும் ஓடினார்கள். முதல் வீட்டம்மா மஞ்சள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் சமையல்கட்டுக்குள்ளேயே ஏறிவிட்டாள். சிதறிய பால் தன் பக்கம் வரவும் நாகம்மா குச்சியை விட்டுவிட்டுப் பின்னாலேயே நடந்து உள்ளே போய்விட்டாள்.

ஓடாமல் நின்றது அத்தை மட்டும்தான். பையனை மார்போடு இறுக்கியிருந்தார், அவன் மூச்சு முட்டிக் கத்தினான். அவர் பொந்தைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், என் கையிலிருந்த ஈர்க்குச்சியைப் பார்த்தார்.

"இதுக்கா நான் பட்டினி கெடந்தேன்" என்றார்.

சமையல்கட்டிலிருந்து முதல் வீட்டம்மா குரல் கொடுத்தாள். "அம்மா வேசம் மாத்திகினு வந்துகீறா. யாரோ தீட்டோட வந்துட்டீங்கோ. பயப்படாத, புள்ளயக் கீழ வையி. வேண்டிக்கினு நிறுத்தக் கூடாது."

அத்தை முகம் மாறியது. நான் பயந்தது இதற்குத்தான். சிலந்தியைக் காட்டிவிடலாம், வேண்டுதலை என்ன செய்வது? அவர் கை ஒரு கணம் முறத்தின் பக்கம் தாழ்ந்தது. நான் முறத்தை எடுத்துக்கொண்டேன். அவர் முன்னால் அப்படி ஒரு பொருளை நான் பிடுங்கியது அதுதான் முதல் தடவை.

"தவிட்டுக்கு வாங்கறது நம்ம வாசப்படியிலயே வாங்கலாம் அத்தை. முதல் வீட்டம்மா உள்ளதான் இருக்காங்க. தவிட்டைக் குடுக்கச் சொல்லுங்க."

நான் முறத்தைப் படியில் வைத்தேன். அத்தை வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே சமையல்கட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "ஏம்மே, வேசம் மாத்தறவகிட்ட எம் பேரனைக் குடுக்க மாட்டேன். நீ வாங்கறதுன்னா இங்க வந்து வாங்கு."

ஓடியவர்கள் தூர நின்று பார்த்துக்கொண்டிருக்க, முன்வாசல் வழியாக நழுவ முதல் வீட்டம்மாவுக்கு முடியவில்லை. வந்தாள். தவிட்டைக் கொடுத்தாள், பையனை வாங்கினாள், திருப்பிக் கொடுத்தாள். இத்தனையையும் கரைக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டிலேயே நின்று செய்தாள். செம்பில் மிஞ்சியிருந்த பாலை அத்தை காய்ச்சி, சர்க்கரை போட்டு, பையனுக்குப் புகட்டினார். அவன் நாகம்மாவின் பாலை ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் கதையைக் கேட்டுவிட்டு, "நான் அப்பவே பார்த்தேன், சிலந்திதான்னு" என்றார். அத்தை, "என் புள்ளைக்குக் கண்ணு கூர்மை" என்று அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மண்சட்டி கரையின் மறுகோடிக்கு, ஒரு பெருச்சாளி வளைக்கு, இடம் மாறியது. அங்கே முட்டை உண்மையாகவே காணாமல் போனதால் பக்தி பெருகியது. எங்கள் வாசலுக்கு எதிரே கரப்பான்கள் குறைந்தன. நான் தொடர்ந்து படியில் உட்கார்ந்தேன், இப்போது அத்தையும் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்தார். பார்ப்பதாக ஒப்புக்கொள்ளமாட்டார், காற்று வாங்குகிறாராம்.

பையன் தை மாதத்தில் நின்றான். படியில் அத்தையின் தோளைப் பிடித்து எழுந்து, பிடியை விட்டுவிட்டு, விட்டதை மறந்து நின்றான். முதல் வீட்டம்மா அன்றே வந்து, தன் தவிடுதான் அவனை நிற்க வைத்தது என்று வரிசை முழுவதும் சொல்லிக்கொண்டு போனாள். சில பிள்ளைகள் தாமதமாகத்தான் தானாக நிற்கும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அத்தை என்னைப் பார்த்தார். பையன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவன் விழுந்தால் பிடிக்க வேண்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினேன்.